தினம் ஒரு இசைத்தட்டு: தலைப்பு கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசைத்தட்டு சேர்ப்பவர்கள் ஒன்றுகூடி, நாளுக்கொரு தலைப்பு வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற தட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, அதைப் பற்றி மற்றவர்களுக்கு நாலு வரி எழுதும் வழக்கம் பரவிவருகிறது. கையில் இருப்பதையே ஒழுங்காகக் கேட்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அப்படியிருந்தும் பல குழுக்கள் இரண்டாவது வாரத்திலேயே சுணங்கிப்போகின்றன. கோளாறு பெரும்பாலும் தலைப்பில்தான் இருக்கிறது. தங்கள் நாளிதழில் குறுக்கெழுத்துக் கட்டத்தின் அருகே தினமும் ஒரே ஒரு வரிக்கு இடம் ஒதுக்கினால், இதை வாசகர்களிடையே நன்றாக நடத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடத்துவதானால் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

“உங்களுக்கு மிகவும் பிடித்த தட்டு எது?” என்று கேட்டால் முதல் நாள் பதில்கள் குவியும், மறுநாள் சண்டை வரும். “மழைப் பாட்டு”, “நிலாப் பாட்டு” என்று கொடுத்தால் ஆட்கள் அலமாரிப் பக்கமே போக மாட்டார்கள். செல்போனில் தேடிக் கிடைத்ததைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தட்டைக் கையில் எடுத்தால்தான் விடை சொல்ல முடியும் என்கிற மாதிரி தலைப்பு இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படியாக ஓடும் தட்டு. தொடங்கிப் பதினைந்து விநாடிவரை ஒரே ஒரு வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பாட்டு. அட்டையில் மனித முகமே இல்லாத தட்டு. பின்னட்டையில் பக்கவாத்தியக்காரர்கள் பெயரெல்லாம் அச்சாகியிருக்கும் தட்டு. இருபது தட்டு வைத்திருப்பவருக்கும் ஒன்றாவது தேற வேண்டும். ஐந்நூறு வைத்திருப்பவர் எதை எடுப்பது என்று திணற வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தாலே பாதித் தலைப்புகள் கழிந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு, பத்தங்குலத் தட்டு போன்றவை எல்லோரிடமும் இருக்காது. அவற்றைக் கேட்கும் நாளில் “அல்லது” என்று ஒரு மாற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

நேரமும் ஒரு விஷயம். பல பாட்டுகள் அடங்கிய பெரிய தட்டான பன்னிரண்டு அங்குல எல்.பி.யின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். ஏழங்குல 45 சுற்றுத் தட்டு மூன்று நான்கு நிமிடத்தில் முடியும். வேலை நாளில் ஒரு பாட்டு, விடுமுறை நாளில் ஒரு முழுப்பக்கம் என்று பிரித்தால் யாருக்கும் சுமையாகாது. வாரத்தின் தலைப்புகளை எல்லாம் ஞாயிறன்றே வெளியிட்டுவிட வேண்டும். தட்டைத் தேடி எடுக்க வேண்டும், சில சமயம் கழுவிக் காயவைக்க வேண்டும். அன்று காலை தலைப்பைப் பார்த்து அன்றே கேட்பது பலருக்கு ஆகாது. ஏழில் ஒரு நாளைத் தலைப்பில்லாமல் விட்டால் பின்தங்கியவர்கள் சேர்ந்துகொள்வார்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் ஏழு தட்டு போடுவதில் அர்த்தமில்லை.

“இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு” என்ற தலைப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் “தட்டு கெட்டுவிட்டது”, “ஊசி போய்விட்டது” என்று புகார் வரும். எல்.பி. தட்டு தொடக்கம் முதல் முடிவுவரை நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கணக்கில் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் தடம், அதாவது ஒலியை வெட்டியிருக்கும் பள்ளக் கோடு, ஓடும். லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பதால் ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளும் ஜால்ரா ஓசையும் அங்கே கரகரக்கும். உருண்டை முனை ஊசி அந்தப் பொடி வளைவுகளில் தடுமாறும். நீள்வட்ட முனை ஊசி ஓரளவு நன்றாகச் சமாளிக்கும்.

ஆகவே முதல் பாட்டு சுத்தமாக ஒலித்து, கடைசிப் பாட்டு மட்டும் கரகரத்தால் முதலில் பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி, பொருத்தியிருக்கும் கோணம். இதற்கென்று அச்சிட்ட அளவுத்தாள் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்குப்படி, நடு அச்சிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் அந்தத் தாளின் கோடுகளுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு புள்ளியில் நேராகவும் மற்றதில் கோணலாகவும் நின்றால், திருகுகளைத் தளர்த்திக் கார்ட்ரிட்ஜைத் துளி முன்னே பின்னே நகர்த்த வேண்டும்.

அடுத்து, ஊசி தட்டை அழுத்தும் எடை. மூவிங் மேக்னட் (ஊசியோடு சிறு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை 1.5 முதல் 2.5 கிராம்வரை கேட்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணே கணக்கு. எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைத்துப் பலர் ஒரு கிராமுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது ஊசி தடத்தில் ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளித் தடத்தின் சுவரைக் கொத்தும். கூடுதல் எடையைவிட இதுதான் தட்டுக்குக் கேடு.

கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் ஆன்டி ஸ்கேட்டிங், அதாவது ஊசிக்கையை வெளிப்பக்கமாக இழுத்துச் சமன்செய்யும் விசை, போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஊசிக்கை தானாகவே மையத்தை நோக்கி இழுபடும். அதனால் இடது ஒலி இருக்கும் உட்சுவரில் ஊசி அழுந்தி, வலது ஒலி இருக்கும் வெளிச்சுவரை விட்டு விலகும். எல்லாம் சரியாக இருந்தும் எந்தத் தட்டைப் போட்டாலும் கரகரத்தால் ஊசி தேய்ந்திருக்கும். வைர முனைக்குப் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் ஆயுள் சொல்கிறார்கள். தினம் ஒரு பக்கம் என்றால் வருடத்துக்கு 120 மணி நேரம்தான் ஆகிறது. அந்த ஒரு தட்டில் மட்டும் கரகரப்பு இருந்தால், முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருப்பார். அதற்கு மருந்து கிடையாது.

இனி எழுதும் நாலு வரி. “அருமை”, “காலத்தால் அழியாதது” என்பதெல்லாம் எல்லாத் தட்டுக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் பொருந்தாது. கம்பெனி பெயர், தட்டு எண், பக்கம், எத்தனையாவது பாட்டு. அளவு, வேகம், மோனோவா ஸ்டீரியோவா. எத்தனையாவது நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும். கடைசியாகத் தட்டின் நிலை. இவ்வளவு இருந்தால் போதும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் உயிர். “இரண்டாம் சரணத்துக்கு முன் புல்லாங்குழல் ஒரு மூச்சு தாமதித்து நுழைகிறது” என்று எழுதினால் அதே தட்டு வைத்திருப்பவர் எழுந்துபோய்ப் போட்டுப் பார்ப்பார்.

ஆண்டு எழுதுவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில ‘பி’ எழுத்தும் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். அது அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. உங்கள் கையில் இருக்கும் பிரதி அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. மறு அச்சிலும் அதே ஆண்டே நிற்கும். அந்தக் குறி 1961-இல் ரோமில் ஏற்பட்ட உடன்படிக்கையோடு வந்தது என்பதால், அது இருந்தால் லேபிள் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். அதேபோல ஸ்டீரியோ எல்.பி.க்கள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958-இல்தான். 1950-இல் பதிவான பாட்டின் தட்டில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தால், பின்னாளில் மின்னணு முறையில் பிரித்த போலி ஸ்டீரியோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த அச்சு என்று துல்லியமாகத் தெரிய, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். டார்ச்சைத் தட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எண் எழுந்து தெரியும். நேரே மேலிருந்து அடித்தால் கண்தான் கூசும்.

“சுருதி ஏறியிருக்கிறதே” என்று யாராவது எழுதினால் பாடகரைக் குறை சொல்லுமுன் வேகத்தைப் பாருங்கள். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பெல்ட் ஓடும் பிளேயரில் பெல்ட் தொய்ந்தால் வேகம் நிலையாக நிற்காது. வேகம் பார்ப்பதற்கென்றே கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டைத் தட்டுபோலச் சுற்றவிட்டு, மின்விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம்: 33⅓ சுற்றுக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 180 கோடு, 60 ஹெர்ட்ஸில் 216 கோடு உள்ள வட்டம் அசையாமல் நிற்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் இது பல சமயம் தெரியாது. பழைய குண்டு பல்போ நியான் விளக்கோ வேண்டும்.

ஒலித்துணுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் செல்போனை டர்ன்டேபிள் பெட்டிமேல் வைக்காதீர்கள். போனின் அதிர்வும் ரேடியோ இரைச்சலும் பாட்டுக்குள் வந்துவிடும். ஸ்பீக்கர் எதிரே தனியாக வைத்துப் பதிவு செய்யலாம். கம்பி வழியாகக் கணினியில் பதிவு செய்வதென்றால் இடையில் போனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கிச் சமன்செய்யும் கருவி, ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒலி தகரம் தட்டியது போல மெலிந்து, கீழ்ச்சுருதியே இல்லாமல் வரும். பிளேயருக்குள் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ஒன்று என்று இரண்டு சேர்ந்துவிட்டால் ஒலி வீங்கி உடையும். முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம். காப்புரிமை ஒருபுறம், முழுப் பாட்டையும் அனுப்பிவிட்டால் பெறுகிறவர் தன் தட்டை எடுக்க மாட்டார்.

தினமும் தட்டை எடுப்பதால் கை படுவதும் தூசி படுவதும் அதிகம். ஓரத்தையும் லேபிளையும் மட்டும் தொட்டு, ஒவ்வொரு முறையும் கார்பன் இழை பிரஷ்ஷால் இரண்டு சுற்றுத் துடைத்துவிட்டு ஓட்டினால் பெரும்பாலும் போதும். கழுவுவதென்றால் காய்ச்சி வடித்த நீர், லேபிள் நனையாமல். குழாய் நீர் காய்ந்தபின் உப்பு தடத்தில் தங்கி, முன்பைவிட அதிகமாகப் படபடக்கும்.

78 சுற்றுத் தட்டில் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் கலந்த துப்புரவு நீர் பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும். அவற்றின் தடம் அகலமானது, 0.076 மில்லிமீட்டர் அளவிலான முனை வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் அது தடத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் எல்.பி. போயிற்று. தலைப்பை வெளியிடும் நாளில் இந்த ஒரு எச்சரிக்கையைப் பக்கத்திலேயே அச்சிடுவது நல்லது.

முதல் வாரத்துக்கு ஏழு வரி, தங்கள் பரிசீலனைக்கு. ஞாயிறு: ஒரு பக்கம் முழுக்கக் குரலே இல்லாத தட்டு. திங்கள்: அட்டையில் முகம் இல்லாத தட்டு. செவ்வாய்: பெண் குரலும் ஒரே ஒரு வாத்தியமும் மட்டும் கேட்கும் இடம். புதன்: தலைப்பில்லை. வியாழன்: முதல் பக்கத்தின் மூன்றாம் பாட்டு. வெள்ளி: 45 அல்லது 78 சுற்றுத் தட்டு, இரண்டும் இல்லாதவர்கள், இருப்பதிலேயே மிகக் குட்டையான பாட்டு. சனி: வாங்கியதிலிருந்து ஒரு பக்கம் மட்டுமே போட்டுக் கேட்ட தட்டின் மறுபக்கம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்