கிரெயோன் சித்தப்பா இல்லை, தாய்மாமன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் இலக்கியப் பக்கத்தில் சொஃபொக்கிளீசின் ‘அன்ரிகனி’ நாடகத்தையும் கமிலா ஷம்சியின் ‘ஹோம் ஃபயர்’ நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதப்பட்டிருந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஏறத்தாழ கி.மு. 441இல் மேடையேறிய ஒரு கிரேக்க நாடகத்துக்கும் 2017இல் வந்த ஒரு நாவலுக்கும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அரைப்பக்கம் தருவது சின்ன விஷயம் இல்லை, அதற்கு நன்றி. எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலியும் 31ஆம் நாள் நினைவஞ்சலியுமாக இருந்ததால் இடமும் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

ஆனால் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. நாடகத்தில் அரசனாக வரும் கிரெயோன், நாயகி அன்ரிகனியின் சித்தப்பா என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர் சித்தப்பா இல்லை. அன்ரிகனியின் தாயோடு கூடப்பிறந்தவர், அதாவது தாய்மாமன். ஆங்கிலத்தில் தகப்பனின் தம்பிக்கும் தாயின் சகோதரனுக்கும் ஒரே சொல்தான், அங்கே யாருக்கும் அது உறுத்தாது. தமிழில் எழுதும்போது இது சின்ன வழுக்கல் என்று விட என்னால் முடியவில்லை. இந்த ஒரு உறவுமுறையைப் பிழையாகப் பிடித்ததில்தான் கட்டுரையின் முடிவும் பிழையாகிப்போனது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாய்மாமன் என்றால் எங்களுக்கு யார்? காது குத்தும்போது மடியில் வைத்திருப்பவர். சாமத்தியச் சடங்கில் அவர் வராவிட்டால் தண்ணீர் வார்ப்பதே பிந்தும். அவருடைய மகன் மச்சான், கட்டுகிற முறை. நான் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவள். கிரெயோனின் மகன் ஹேமோனுக்கு அன்ரிகனியைப் பேசி வைத்திருந்தது ஏன் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை, கேட்கவே தேவையில்லாத விஷயம் அது. தேபஸ் நகரைக் காத்து நின்று செத்த அன்ரிகனியின் அண்ணன் ஒருவன், அந்நியப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து செத்த அண்ணன் பொலினீசஸ் இன்னொருவன், ஒருவரை ஒருவர் கொன்று விழுந்து கிடக்கிறார்கள். முதலாமவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், மற்றவனை நாய்க்கும் காகத்துக்கும் விடுங்கள், தொட்டவருக்கு மரணம் என்று ஆணை போடுகிறவர், அந்த இரண்டு பேருக்கும் காது குத்த மடி கொடுத்திருக்க வேண்டிய ஆள். இப்படி வாசித்தால் நாடகம் எவ்வளவு பக்கத்தில் வந்து உட்காருகிறது பாருங்கள்.

கட்டுரையாளர் கடைசியில் என்ன எழுதினார்? “கிரெயோன் அரசு, அன்ரிகனி நாங்கள்” என்றார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஏற்கவில்லை.

நாவலில் ஷம்சி இரத்த உறவை எடுத்துவிட்டார். அன்ரிகனியின் இடத்தில் வரும் அனீகாவின் தம்பி பர்வேஸ் லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போய், அங்கே ஐ.எஸ். இயக்கத்தின் ஊடகப் பிரிவில் சேர்ந்து, பிறகு திரும்பி வர நினைத்து இஸ்தான்புல்லில் பிரித்தானியத் துணைத்தூதரக வாசலில் சுடப்பட்டுச் சாகிறான். அவனுடைய உடலை இங்கிலாந்துக்குள் விடமாட்டேன் என்று சொல்லும் உள்துறை அமைச்சர் கரமத் லோன் இவர்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அவரும் பாகிஸ்தான் வழியில் வந்தவர், முஸ்லிம் வீட்டில் பிறந்து அந்தக் கதிரைக்கு ஏறியவர். எங்கள் பேச்சில் சொன்னால் ‘எங்கட ஆள்’. தாய்மாமன் இருந்த இடத்தில் ஷம்சி கொண்டுவந்து இருத்தியது இந்த எங்கட ஆளைத்தான். பல வருடத்துக்கு முன்னர் இந்தப் பிள்ளைகளின் தகப்பன் அமெரிக்காவின் குவாந்தனாமோச் சிறைக்குக் கொண்டு போகப்படும் வழியில் செத்துப்போனபோது, வீட்டார் உதவி கேட்க, அந்த மனிதன் இல்லாமல் இருப்பதே இவர்களுக்கு நல்லது என்று லோன் சொன்னதாக ஓரிடத்தில் வரும். அந்நியன் ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் குடும்பம் அன்றே மறந்திருக்கும். லோன் தன் மகனுக்கு வைத்த பெயரைக்கூடக் கவனியுங்கள். ஐமன் என்ற முஸ்லிம் பெயரை அயர்லாந்துக்காரரின் எழுத்துக்கூட்டலில் ஏமன் ஆக்கிவிட்டார், நாங்கள் இந்த நாட்டோடு சேர்ந்துவிட்டோம் என்று சனத்துக்குக் காட்ட. ஹேமோனும் ஏமனும், சத்தம் ஒத்துவருகிறதுதானே.

நாவல் வெளிவந்து ஒரு வருடம் ஆகுமுன், 2018 ஏப்ரலில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பஸ் சாரதி ஒருவரின் மகனான சஜித் ஜாவித் உண்மையிலேயே பிரித்தானிய உள்துறை அமைச்சரானார். அடுத்த வருடம், பள்ளிப் பிள்ளையாக லண்டனிலிருந்து ஐ.எஸ்ஸில் சேரப் போன ஷமிமா பேகத்தின் குடியுரிமையைப் பறித்தவரும் அவர்தான். ஷம்சிக்கு யாரும் சாத்திரம் சொல்லவில்லை. 2014இல் அங்கே குடியுரிமை பறிக்கும் சட்டம் இறுகியதை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி எங்கள் சந்திக்கு வருகிறேன். 1986, எனக்கு 14 வயது. காலையில் சைக்கிளில் டியூசனுக்கு வெளிக்கிட்டபோது அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு, சந்தியால் போகாதே, பின் ஒழுங்கையால் போ என்றார். அப்படிச் சொன்னால் ஒரு 14 வயதுப் பிள்ளை எந்த வழியால் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மின்கம்பத்தில் ஒரு பெடியனைக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் அட்டை, அதில் ஒரு சொல். யார் கட்டினார்கள் என்று நான் எழுதவில்லை, எழுதினாலும் நீங்கள் போட மாட்டீர்கள். பத்துப் பதினைந்து பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அதில் அந்தப் பெடியனின் தாய்மாமனும் நின்றார். அவர் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவரிடம் “சும்மா செய்திருக்க மாட்டினம்” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். பயத்தில் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டியூசன் முடிந்து பின்னேரம் திரும்பும்போது உடல் அவிழ்க்கப்பட்டு நிலத்தில் கிடந்தது. மேலே ஒரு சேலை. பச்சை, மஞ்சள் கரை, ஓரத்தில் தைத்த கிழிசல். அது யார் வீட்டுக் கொடியில் காயும் சேலை என்று ஒழுங்கையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அந்த வீட்டுக்கு முன்படலையால் ஒருவரும் போகவில்லை, செத்தவீடு என்றே சொல்ல முடியாத செத்தவீடு. அம்மா ஒரு போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போய்விட்டு வந்தார்.

அன்ரிகனி செய்ததும் அவ்வளவுதானே. குழி வெட்டவில்லை, பாடை கட்டவில்லை. ஒரு கை மண்ணைத் தூவிவிட்டுப் போனாள், காவலாளி வந்து பார்த்தபோது உடலை மெல்லிய தூசு மூடியிருந்தது. அந்த நாடகத்தில் கிழவர்களின் கோரஸ் ஒன்று வரும், அரசன் சொன்னால் சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு. வகுப்பில் அதைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த சைக்கிள் ஹாண்டில்தான் ஞாபகம் வரும். கிரெயோன் அரசு மட்டும்தான் என்று எழுதுபவர்கள் அந்தச் சந்தியால் போகாமல் பின் ஒழுங்கையால் போனவர்கள். போரில் செத்த எங்கள் பிள்ளைகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்களை அரசு எப்படி இடித்துத் தள்ளியது என்பது கோப்பாய்ப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைச் சொன்ன வாய் இதையும் சொல்ல வேண்டும் என்கிறேன்.

சரி, கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று. கிரெயோனைவிடக் கரமத் லோன் கெட்டிக்காரர். அந்தக் கால ஏதென்ஸ் வழக்கத்தில் துரோகியை அந்த மண்ணில் புதைக்கத்தான் தடை, எல்லைக்கு வெளியே கொண்டுபோய் அடக்கம் செய்யலாம். கிரெயோன் எங்கேயுமே கூடாது என்றார், அதனால்தான் தெய்வக் குற்றமானது. லோன் அந்தத் தவறைச் செய்யவில்லை. தாராளமாகப் புதையுங்கள், இங்கே வேண்டாம், பெற்றோரின் நாடு இருக்கிறதே என்று கராச்சிக்கு அனுப்புகிறார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். பையன் பிறந்து வளர்ந்த இடம் லண்டனில் வெம்பிளிப் பக்கம், பிரெஸ்டன் ரோட். என் தங்கச்சியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், வெம்பிளி எங்கள் சனத்துக்கு இன்னொரு திருநெல்வேலிச் சந்தை மாதிரி. இந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பியதும் அவள்தான், முதல் பக்கத்தில் “இதில் எங்கட தெரு வருகுது” என்று எழுதி. அவளுடைய பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பள்ளி விடுமுறைக்கு வந்து நுளம்புக்கடி வாங்கிப் போகும் இடம். நாளைக்கு ஒருவர் அவர்களைப் பார்த்து உங்கள் பெற்றோரின் நாடு இருக்கிறதே என்றால்? இது கிரேக்க நாடகத்தில் இல்லாத கேள்வி.

அனீகா கராச்சிக்குப் போய், பிரித்தானியத் துணைத் தூதரகத்துக்கு எதிரே ஒரு பூங்காவில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தம்பியின் உடலை வைத்துக்கொண்டு இருக்கிறாள். நடந்ததெல்லாம் சட்டப்படிதான், நீதிப்படி இல்லை என்று கமராக்களுக்கு முன்னால் சொல்கிறாள். புழுதிப்புயல் வருகிறது. நாடகத்திலும் அன்ரிகனி பிடிபடும் மத்தியானம் ஒரு புழுதிக்காற்று வரும், அதைத் தெரிந்துகொண்டு வாசிப்பவருக்கு உடம்பு சிலிர்க்கும். நாவல் வந்த அதே 2017இல், பெப்ரவரியில், கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் வந்து அமர்ந்தார்கள். அவர்களிடம் ஐஸ் வைக்க உடல் இல்லை, கொழுவி வைத்த படங்கள்தான்.

நாடகத்தில் அன்ரிகனி ஓரிடத்தில், கணவன் என்றால் இன்னொருவன் கிடைப்பான், பிள்ளை என்றால் இன்னொன்று பெறலாம், தாயும் தகப்பனும் போன பிறகு சகோதரன் எங்கிருந்து வருவான் என்பாள். படிப்பாளிகள் பலருக்கு இது பிடிக்காத வசனம், கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படாது. ஷம்சி இதைச் சமாளிக்கத்தான் அனீகாவையும் பர்வேசையும் இரட்டையர் ஆக்கினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கெட்டித்தனம்தான், ஆனால் அந்த முரட்டு வசனம் கையிலிருந்து போய்விட்டது.

அதற்குப் பதிலாக நாவல் தந்தது இஸ்மாவை. நாடகத்தில் அன்ரிகனியின் தங்கை இஸ்மினி பாதியோடு காணாமல் போய்விடுவாள். ஷம்சி முதல் பகுதியையே இஸ்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். தாய் போன பிறகு இரட்டையர் இருவரையும் வளர்த்த மூத்தவள், படிக்க அமெரிக்கா போகும் வழியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் விசாரணை அறையில் இருக்கிறாள், அவளுடைய விலைகூடிய ஜக்கெட்டைத் தூக்கிப் பார்த்து இது உன்னுடையது இல்லை என்கிறார் அதிகாரி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி நின்ற யாருக்கும் அந்த அறை தெரிந்த அறை. தம்பி சிரியாவுக்குப் போய்விட்டான் என்று பொலிசுக்குச் சொன்னவளும் இவள்தான். இஸ்மினி அப்படிச் செய்யவில்லை, இரகசியமாகச் செய் என்றுதான் அக்காவிடம் கெஞ்சினாள். இஸ்மா மிச்சமிருக்கும் தங்கச்சியைக் காப்பாற்றச் சொன்னாள். அவளை வெறுக்க என்னால் முடியவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் போனவரின் மகள் நான்.

நாவலில் எனக்குப் பிடிக்காதது ஏமனுக்கும் அனீகாவுக்கும் வரும் காதல், அவசரமாகக் கட்டிய பந்தல் மாதிரி. முடிவும் கொஞ்சம் சினிமாத்தனம்: பூங்காவுக்கு வந்த ஏமனின் இடுப்பில் யாரோ குண்டைப் பூட்டிவிடுகிறார்கள், அனீகா ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறாள், தகப்பன் அதைத் திரையில் பார்க்கிறார். கிரெயோனின் பிந்தல் இதைவிட நுட்பமானது. முதலில் பெண்ணை விடுவி, பிறகு செத்தவனுக்குக் கல்லறை கட்டு என்று கோரஸ் சொல்கிறது. அவர் மாற்றிச் செய்கிறார். முதலில் பொலினீசசின் உடலைக் கழுவி எரித்து மேடு கட்டிவிட்டுத்தான் அன்ரிகனியை உயிரோடு அடைத்துவைத்த குகைக்கு ஓடுகிறார், அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். செத்தவருக்குச் செய்யப் போய் உயிரோடு இருப்பவரை விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது, புத்தகங்களை நான்தான் கதையாகச் சொல்வேன். இரண்டையும் சொல்லி முடித்தபோது “கடைசியில அந்தப் பெடியன எங்க தாட்டவை?” என்று கேட்டார். நாவலில் அது இல்லை என்றேன். மற்றதில்? மற்றதில் தாய்மாமனே எரித்தார் என்றேன். “பிந்தி எண்டாலும் செய்தார்தானே” என்றார் அம்மா. அதை நான் ஏற்கவில்லை, வீட்டில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. அந்தச் சித்தப்பாவை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி