பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

பழைய காரின் இருக்கைகளுக்கு நீயே உறை தைத்து மாட்டப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து என் நினைவெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொலைபேசியில் அவசரமாகச் சொன்னது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்திரு. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையாக இருந்தால் அதன் முதுகு உறையில் கை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் கணத்தில் பிரிந்து வழிவிடும்படி அங்கே தனித் தையல் போட்டிருப்பார்கள். நம் வண்டி அதற்கெல்லாம் முந்தையதுதான், ஆனாலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைத் தரையோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகள் துருவேறியிருக்கும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வை.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது பழைய உறையைப் பற்றித்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு இருக்கைக்கு உறை மாற்றியபோது, கிழிந்தது எதற்கு என்று பழையதை வெட்டி எறிந்துவிட்டு அளவு நாடாவை நம்பித் தைத்தேன். மூலைகளில் விழுந்த சுருக்கம் கடைசிவரை போகவில்லை. இருக்கையில் நேர்கோடு என்று ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நீ அதைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு, ஃபோமின் அடியில் உள்ள கம்பியோடு உறையைப் பிணைத்திருக்கும் இரும்பு வளையங்களைக் குறடால் திறந்து, தையல்களை ஒவ்வொன்றாகப் பிரி. பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் எண்ணும், எது மேல் பக்கம் என்பதும், இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடங்களில் சிறு கோடுகளும் சாக்கட்டியால் போட்டுக்கொள். அந்தத் துண்டுகளைப் புதிய துணியின் மேல் வைத்து வரைந்துதான் நீ வெட்ட வேண்டும். தையல் மடிப்பை விரித்தால் வெயிலே படாத ஒரு விரற்கடை அகலத்துக்குத் துணி புதிதாய் வந்த நாளின் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தே புதிய துணியைத் தேர்ந்தெடு.

ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது உடல் உரசும் கதவோரத் துண்டு இழுபட்டு விரிந்திருக்கும். அதை வைத்து வரைந்தால் புதிய உறை தொளதொளவென்று வரும். எதிர்ப்பக்கத்துத் துண்டைத் திருப்பிப் போட்டு வரைந்தால் அளவு சரியாக இருக்கும். அந்த ஓரத்து ஃபோமும் நசுங்கி, தொட்டால் மஞ்சள் தூளாக உதிரும். உதிர்வதை வெட்டியெடுத்துவிட்டு, அதே கெட்டியுள்ள துண்டை ஒட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவிவிடு. ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் இடையில் உள்ள சாக்குத்துணி இற்றுப்போயிருந்தால் மாற்றாமல் விடாதே. அது இல்லாவிட்டால் கம்பி ஃபோமை அறுத்துவிடும்.

தைப்பதற்குப் பருத்தி நூல் வேண்டாம், வெயிலிலும் ஈரத்திலும் இற்றுவிடும். தடித்த பாலியெஸ்டர் நூலும், 16 அல்லது 18ஆம் எண் ஊசியும் வாங்கு. தையலின் நீளம் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். ரெக்சினில் நெருக்கித் தைத்தால் தபால்தலையின் ஓரம்போலத் துளை வரிசையாகி அங்கேயே கிழியும். ஊசி விழுந்த துளை அதில் மறையாது என்பதால் குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்.

மாட்டுவதற்கு முன் உறையை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வை. சூட்டில் இளகி, மூலைகளில் இழுத்த இழுப்புக்கு வரும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டே வளையங்களைப் போடு. முதல் வேலையாகப் பின்னிருக்கையின் அடிப்பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது. அதில் வளைவுகள் குறைவு, கை பழகிவிடும். முன்னிருக்கைகளைத் திரும்பப் பூட்டும்போது மட்டும் போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால், அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்கு. சீட் பெல்ட்டின் கொக்கியும் அந்த இருக்கையில்தான் நிற்கிறது. அதையும் இழுத்துப் பார்த்த பிறகே வண்டியை எடு.

பின்னிருக்கை முடிந்ததும் அதன் மூலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா