லண்டன் வெளிக்கிட முதல் இதை வாசி பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை மூண்டு தரம் கேட்டன், அப்பாவுக்கும் போட்டுக் காட்டினன். யுத்தகாலத்தில பொம்பிளையள் என்னென்ன செய்தவை எண்டு படிக்கிற கோர்ஸாம், காலேஜால லண்டனுக்கும் பாரிசுக்கும் கூட்டிக்கொண்டு போகினமாம், போக முதல் ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டுப் பொம்பிளை ஒராளைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதோணுமாம். அதுக்கு நீ சொல்லுறாய், "எங்கட வீட்டில ஒருத்தரும் சண்டைக்குப் போகேல்லைத்தானே அம்மா, நான் என்னத்தை எழுத" எண்டு. அதோட எனக்கு நித்திரை போச்சு. ஃபீஸை நினைச்சும் போச்சு, அது வேற கதை.

பிளெச்லி பார்க் போறியள் எண்டாய். ரெண்டாம் உலக யுத்தத்தில ஜெர்மன்காரன்ர ரகசியக் கோட் உடைச்ச இடம், அங்க வேலை செய்த ஆக்களில முக்கால்வாசி பொம்பிளையள். அதைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளப்பினம், நீ ஒண்டு சொல்லு, அதே வேலை எங்கட கொழும்பிலயும் நடந்தது. 1943இல இருந்து எச்.எம்.எஸ். அன்டர்சன் எண்டு இங்க ஒரு நிலையம், ஜப்பான்காரன்ர ரேடியோவை ஒட்டுக்கேட்கிறது, ரென்ஸ் எண்டு சொல்லுற பிரிட்டிஷ் கடற்படைப் பெட்டையள் இந்த வெக்கைக்குள்ள இருந்து செய்திருக்கினம். 1944 பெப்ரவரி 12, மொம்பாசாவில இருந்து கொழும்புக்கு வந்த கெடிவ் இஸ்மாயில் எண்ட கப்பலை மாலைதீவுப் பக்கம் ஜப்பான் நீர்மூழ்கி அடிச்சு 1297 பேர் செத்தவை, அதில நேர்ஸ்மாரும் ரென்ஸும் எழுபதுக்கு மேல. இங்க வந்து இறங்க வேண்டிய பிள்ளையள். கோல்ஃபேஸில கடலைப் பார்த்து இஸ்ஸோ வடை சாப்பிடேக்க ஆர் இதை நினைக்கினம்?

நூர் இனாயத் கானையும் கட்டாயம் படிப்பிப்பினம். திப்பு சுல்தான்ர வழி, 1943 ஜூனில பிரிட்டிஷ் உளவாளியா வயர்லெஸ் செட்டோட பிரான்சுக்குப் போனவ, அடுத்த வருசம் டாஹாவ் எண்ட நாசி வதைமுகாமில சுட்டுக் கொண்டுபோட்டாங்கள். பெரிய ஆள், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உளவாளிக் கதை எண்டா எல்லாருக்கும் பிடிக்கும், அதோட நிண்டு போடாத.

லண்டன் வைட்ஹோல் றோட்டில, அந்த யுத்தகாலப் பொம்பிளையளுக்கெண்டு 2005இல திறந்த நினைவுச்சின்னம் ஒண்டு இருக்கு, கறுப்பு வெண்கலம், அதைத்தான் நீ வடிவாப் பார்க்கோணும். அதில ஆக்கள் இல்லை, முகம் இல்லை, பேர் இல்லை. 17 பேர்ட உடுப்புகள் மட்டும் கொழுவித் தொங்குது, வேலை முடிஞ்சு கழட்டி வைச்சிட்டுப் போன மாதிரி. படத்தில பார்த்த உடன எனக்கு என்ர பள்ளிக்கூட யூனிபோம்தான் ஞாபகம் வந்தது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பில தமிழருக்கு அடிச்ச கலவரம். எனக்கு 12 வயசு, வெள்ளை யூனிபோம் போட்டு வெளிக்கிட்டு நிக்கிறன், வெள்ளவத்தையில புகை எழும்பீட்டுது. தாத்தா கதவைப் பூட்டுறதும் திறக்கிறதுமா நிக்கிறார், பாவம். அம்மம்மா தாலிக்கொடியைக் கழட்டினா, என்னைக் கதிரையில ஏத்தி விட்டா, யூனிபோம்ர கீழ்மடிப்பைப் பல்லால பிரிச்சு கொடியை உள்ளுக்க விட்டு நான் போட்டிருக்கத்தக்கவே தைச்சா. கை நடுங்கேல்லை. பிறகு சீலைத்தலைப்பால பொட்டை அழிச்சா. பின்மதில் ஏறிக் குதிச்சு ஓடேக்க அந்தக் கொடி முழங்காலில தட்டித் தட்டி வந்தது, அது இப்பவும் தெரியும் எனக்கு. பின்வீட்டுச் சிங்கள அன்ரி எங்களை அரிசி அறைக்குள்ள விட்டிட்டு, தான் கேற்றடியில போய் நிண்டு இங்க ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னா. அவவையும் எழுது.

பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். சனமெண்டா சனம், பெட்டையள் குளிக்க மறைப்பில்லை. அம்மம்மாவிட்ட இருந்தது கட்டின சீலையும் ஒரு மாத்துச் சீலையும்தான், அந்த மாத்துச் சீலையை அவவும் இன்னும் மூண்டு பேரும் நாலு பக்கமும் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், உள்ளுக்க ஒவ்வொருத்தரா குளிப்பம், ஆற்ற பிள்ளை எண்டு கேக்கிறதில்லை. காலமை தொடங்கினா மத்தியானம் வரைக்கும் கை இறக்க மாட்டா. கப்பலில காங்கேசன்துறைக்குப் போய் இறங்கினபிறகுதான் மடிப்பைப் பிரிச்சது. அந்தக் கொடியை வித்துத்தான் மாமாவை ஏஜென்சிக்காரனிட்டக் குடுத்து வெளியில அனுப்பினது, இல்லாட்டி நீ இப்ப கனடாவில ஆற்ற வீட்டில இருந்து படிக்கிறாய்?

யூனிபோம் இல்லை, அதைக் கிழிச்சு அடுப்படித் துணியாக்கிப்போட்டா. அம்மம்மான்ர படம் வேணுமெண்டா 1991இல எடுத்தது ஒண்டு கிடக்கு, ஸ்கான் பண்ணி அனுப்புறன்.

குளிர் உடுப்புக் கொண்டு போ, மே மாசம்தானே எண்டு நினைக்காத. ஊசி நூலும் வை, ஆனா கையில கொண்டு போற பையில வையாத, பெரிய பெட்டிக்குள்ள போடு.

அன்புடன்
அம்மா