ஒளிர்றது வேற, கதிர்வீச்சு வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் சிறுவர் பக்கத்துல, ஆட்டுனைட்ங்கிற யுரேனியக் கல்லு பச்சையா ஒளிர்றதுக்கு அதோட கதிர்வீச்சுதான் காரணம்னு போட்டிருந்தீங்க. தப்புங்க அது. பசங்க படிக்கிற பக்கமாச்சேன்னுதான் எழுதறேன்.

நான் புதுச்சேரியில ஒரு காலேஜ் ஜியாலஜி லேப்ல வேலை பாத்தவன். அங்க சின்ன டப்பாவுல பஞ்சு மேல ஒரு ஆட்டுனைட் துண்டு இருந்துச்சு, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், மீன் செதிலை அடுக்கி வச்ச மாதிரி மெல்லிசு மெல்லிசா தகடு. கடையில கள்ளநோட்டு பாக்க வச்சிருக்காங்களே அந்த புறஊதா லைட், அதைக் காட்டினா பச்சையா பத்திக்கிட்ட மாதிரி ஜொலிக்கும், லைட்டை அணைச்சா அதுவும் போயிடும். ஆனா கதிர்வீச்சை அளக்கிற கைகர் கவுண்டரை பக்கத்துல கொண்டு போனீங்கன்னா லைட் எரிஞ்சாலும் அணைஞ்சாலும் அது பாட்டுக்கு டிக் டிக்னு அடிச்சிக்கிட்டே இருக்கும்.

இதுக்கு கூடப்பிறந்த மாதிரி இன்னொண்ணு, டார்பர்னைட். ஆட்டுனைட்ல கால்சியம் இருக்கிற இடத்துல இதுல தாமிரம், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டுமே பூமிக்குள்ள இருக்கிற யுரேனியத் தாது காத்தும் தண்ணியும் பட்டு கரைஞ்சு, மேல்மட்டத்துல பாஸ்பேட்டோட சேந்து மறுபடி படியறதால வர்றதுதான். டார்பர்னைட் பாக்க மரகதம் மாதிரி இருக்கும், ஆனா லைட்டைக் காட்டினா ஒளியே இருக்காது, அந்த தாமிரம் அமுக்கிடும். எடையில கிட்டத்தட்ட பாதி யுரேனியம், ரெண்டுலயும். ஒளிரலையே, ஆபத்தில்லன்னு ஒரு பையன் இதை பாக்கெட்ல போட்டுக்கிட்டா என்னங்க ஆகும்?

டார்பர்னைட்டோட பழைய பேரு கால்கோலைட். 1898ல மேரி கியூரி அம்மா அளந்து பாத்தப்ப யுரேனியத்தை விடவே இது அதிகமா கதிர் வீசுச்சு. அதே கல்லை லேப்ல அவங்களே தயார் பண்ணி அளந்தாங்க, அதுல கதிர் கம்மி. அப்போ இயற்கையா கிடைக்கிற கல்லுக்குள்ள வேற ஏதோ தனிமம் ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சது, அந்த வருஷமே பொலோனியமும் ரேடியமும் வெளிய வந்துச்சு. ஆட்டுனைட்டும் பிரான்ஸ்ல இருக்கிற ஆட்டுன் ஊர் பேர்ல வந்ததுதான், நம்ம ஊர் பசங்களுக்கு இதையெல்லாம் சொன்னா எவ்வளவு ஆசையா கேப்பாங்க!

எங்க லேப்ல இருந்த அந்த ஆட்டுனைட் துண்டு வருஷம் போகப்போக தண்ணிச்சத்து காஞ்சு, டப்பாவுக்குள்ள மஞ்சப் பொடியா உதிர ஆரம்பிச்சது. மூச்சுல போகக்கூடாதது அந்தப் பொடிதான். எந்த ஸ்கூல், காலேஜ்ல இந்தக் கல்லு இருந்தாலும் மூடின டப்பாவுல, லேபிள் ஒட்டி, காத்தோட்டமான இடத்துல வைக்கணும், தொட்டவங்க சோப்பு போட்டு கை கழுவணும். திருத்தம் போடறப்ப இதையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
முன்னாள் லேப் உதவியாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.