பன்றிக் காசு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருவாய் என்று பார்த்தோம். சரி, வேலை இருக்கும்.

நீ அனுப்பின ஆறு வெள்ளி ரூபாய்களின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது வருஷம் கொலுசுப் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறில் நான்கு கழுவின காசு. விக்டோரியா ராணி கன்னத்தில் ஒரே வாக்கில் மெல்லிய கீறல் ஓடுகிறது பார். யாரோ பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பளபளப்பு கொலுசுக்கு அழகு, பழைய காசுக்கு அது கேடு. கறுத்திருந்தாலும் பரவாயில்லை, காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வர வேண்டும்.

அந்த 1918 ஜார்ஜ் காசைத் தேய்ந்தது என்று எழுதியிருந்தாய். அது தேயவில்லை. கிரீடத்தில் கோடு விழாத இடமும் சுற்றுப்புறம் போலவே மினுங்குகிறது. அச்சு சரியாக அழுந்தவில்லை, அவ்வளவுதான். தேய்ந்த காசில் மேடான இடம் வழவழத்து நிறம் மங்கிவிடும். பத்தாவது படிக்கும்போதே வேறொரு காசில் வருஷத்துக்குக் கீழே இருந்த வைரக் குறியைக் காட்டி "அப்பா, இது பம்பாயில் அடித்தது" என்று சொன்னவன் நீ. உனக்கா இது தெரியாமல் போனது? அவசரம்.

ஆறுக்குக் கொடுத்த பணத்தில் ஒன்றே ஒன்று, அச்சு முழுசாக விழுந்த, தேய்மானம் மிகக் குறைவான எக்ஸ்எஃப் தரக் காசாக எடுத்திருக்கலாம். தரம் பார்க்கிறவர்கள் பெட்டியில் அடைத்து 63, 64 என்று தர எண் போட்டதற்கு அலையாதே. எண் அப்புறம், காசின் முகத்தை முதலில் பார். எடை 11.66 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கிறதா பார். வெள்ளி ரூபாயில் காந்தம் ஒட்டினால் பேசாமல் வந்துவிடு. வருஷத்துக்கு ஒன்று போதும். கைக்காசில் வாங்கு.

போன வாரம் யாரோ உன் முழுப் பேரைச் சொல்லி இந்தியில் பேசினார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கைக்காசில் வாங்கு தம்பி.

1911 ரூபாய் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். அதில் ஜார்ஜ் ராஜா மார்பில் இருக்கிற யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று சனங்கள் கொதித்து, அரசாங்கம் அடித்ததில் பெரும்பங்கைத் திருப்பி உருக்கி, 1912இல் யானையைத் திருத்தி அடித்தது. அந்த 1911 காசு நம் வீட்டில் இருந்தது. அப்பாயி பன்றிக் காசு என்றே சொல்லுவாள். அவள் சுருக்குப் பையில் இருந்த இருபத்திரண்டில் ஒன்று.

அந்தக் காசெல்லாம் திருட்டுப் போனதாகத்தான் உனக்குத் தெரியும். சித்தப்பா நம் வீட்டுப் படி இறங்கினதும் அதனால்தான். எடுத்தது நான்.

வட்டிக்காரன் பட்டறை வாசலில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தான். காசாகவே விற்றால் கடைத்தெருவில் யாராவது கேட்பார்கள் என்று, ராத்திரி ஆள் இல்லாதபோது வெள்ளி உருக்குகிற மூசையில் போட்டேன். கொஞ்ச நேரம் முகங்கள் அப்படியே இருந்தன. அப்புறம் மூக்கு மழுங்கியது, கிரீடம் சரிந்தது, எல்லாம் ஒரே பளபளப்பு. விடிந்ததும் கட்டியை விற்று வட்டி கட்டினேன். அசல் அப்படியே நின்றது.

கடன் இருக்கிறது என்று அப்பாயியிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவளே பையை அவிழ்த்துக் கொடுத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாப்பேட்டைக்குப் போகிறேன், சித்தப்பாவைப் பார்க்க. நீ எந்நேரம் போன் பண்ணினாலும் எடுப்பேன். ராத்திரி எட்டுக்கு மேல் பட்டறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா