மூன்றாம் வகுப்புப் பையன்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தைக்காற்று பனையோலைகளை உலுக்குகிறது, திண்ணையில் உட்கார்ந்தால் தாள் பறக்கிறது என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையில், பார்க்காத பிள்ளையைப் பற்றிப் பேசத் தயக்கம்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. சித்தூர்க் கள் வண்டிகளின் சத்தத்தில்தான் விடிகிறது. பேத்தி என்னிடம் தமிழிலும் தன் அம்மாவிடம் மலையாளத்திலும் பொய் சொல்லப் பழகிவிட்டாள்.

உன் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். முதுகுவலிக்கென்று தொடங்கிய அபின் வகை மாத்திரையைத் தாய் கர்ப்பத்திலும் விட முடியாமல் இருந்தது, பிறந்ததும் குழந்தை நடுங்கியது, இப்போது பாட்டி வளர்ப்பது, ஐந்து நிமிடம் அவன் ஓரிடத்தில் உட்காராதது எல்லாம் எழுதியிருந்தாய். ஆசிரியர் அறையில் அவனுக்கு வைத்திருக்கும் பெயரையும் எழுதியிருந்தாய். அதை நான் திரும்ப எழுத மாட்டேன்.

அந்த நடுக்கத்தைக் கையில் வாங்கியவள் நான். சிட்னியில் பச்சிளங்குழந்தை வார்டில் இருந்தபோது பார்த்தது: பிறந்து ஒன்றிரண்டு நாளில் தொடங்கும். ஊசி போல் காதைத் துளைக்கும் அழுகை. தாடை கிடுகிடுவென்று ஆடும். பசியில் கை முஷ்டியைக் கடிக்கும், மார்பில் போட்டாலோ உறிஞ்ச வராது. தும்மல் மேல் தும்மல். மலம் தண்ணீராகப் போய்ப் பின்புறம் வெந்துவிடும். தொப்புள்கொடி வழியே வந்த அபின் வகை மருந்து, கொடியை வெட்டியதும் நின்றுபோகிறது. பழகிய உடல் தவிக்கிறது. அவ்வளவுதான். தேடி அலைவதும் ஆசைப்படுவதும் பச்சைக் குழந்தைக்கு ஏது? அதைப் ‘போதை அடிமை’ என்பது அபாண்டம்.

லொரெட்டா ஃபின்னகன் என்ற அமெரிக்க மருத்துவர் 1975இல் வகுத்த மதிப்பெண் தாள் எங்களிடம் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்போம்: அடிக்கடி தும்மினால் ஒன்று, அடிக்கடி கொட்டாவி விட்டால் ஒன்று. கூட்டுத்தொகை ஏறினால் தவிப்பை அடக்க மார்ஃபின் சொட்டு. அப்பாடா என்று கண்ணயர்ந்த குழந்தையை மார்க்கு போடுவதற்காகச் சீண்டிய பாவமும் எனக்கு உண்டு. பிறகு வந்த முறை எளிமையானது: குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று மட்டும் பார். அறையில் வெளிச்சத்தைக் குறை, தாயின் மார்போடு சேர்த்துப் போடு. அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நிலைக்குக் குழந்தை தேற ஏறக்குறைய 15 நாள் ஆனது 8 நாளாகக் குறைந்தது. நம் பாட்டிகள் செய்ததுதானே என்று நீ மார்தட்டுவாய். பம்பாய் ஆலைக்குப் போன தாய்மார் பிள்ளை தூங்க அபின் உருண்டை கொடுத்ததும் நம் பழங்கதைதான், மறக்காதே.

இனி உன் கேள்வி. வளர்ந்தபின் என்ன ஆகும்? சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்படிப் பிறந்த 2,234 பிள்ளைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்து 2017இல் எழுதினார்கள். மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கல். ஏழாம் வகுப்பில் இடைவெளி இன்னும் கூடியிருந்தது. படித்தபோது வயிறு கலங்கியது. ஆனால் பெற்றோர் நன்றாகப் படித்த வீடுகளில் அந்த ஆபத்து குறைந்ததும் அதே ஆய்வில் இருக்கிறது. இந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் சிகரெட்டும் பிடித்தவர்கள். வறுமை, வீடு மாற்றம், பிரிவு எல்லாம் கூடவே வரும். எது மருந்தின் வேலை, எது வாழ்க்கையின் வேலை என்று சிக்கெடுப்பது கடினம். கர்ப்பத்தில் தாய் கோகெய்ன் எடுத்த பிள்ளைகள் விஷயத்தில் இப்படித்தான், ஒரு தலைமுறையே கெட்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் 1989 முதல் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார். அதே ஏழைத் தெருக்களின் மற்றப் பிள்ளைகளிடமிருந்து பெரிய வேறுபாடு இல்லை. இரு சாராரையும் பிடித்து இழுத்தது வறுமை.

கவனம் சிதறுவது இந்தப் பிள்ளைகளிடம் சற்று அதிகம் என்பது உண்மை. மாறுகண், பார்வைக் குறை போன்றவையும் அப்படித்தான். அதனால் முதலில் கண்ணைக் காட்டச் சொல். கரும்பலகை தெரியாத பிள்ளையும் பெஞ்சில் உட்காராது. பிறகு அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம்; பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் சீட்டு எழுதித் தருவார்கள். 18 வயது வரை பார்ப்பார்கள்.

பாட்டி, “வயிற்றில் பிள்ளை இருந்தபோதாவது அவள் விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா” என்று உன்னிடம் அழுதாளாமே. அப்படித் திடீரென்று நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து என்று அவளிடம் சொல். மெதடோன் அல்லது புப்ரநார்ஃபின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்து நிலைப்படுத்துவதுதான் முறை. அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லவும் ஆள் இருந்திருக்காது. மகள் மீது அவளுக்கு இருக்கும் கோபம் பேரன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

பையனை முதல் வரிசைக்கு மாற்றிவிட்டாயா? கரும்பலகையைத் துடைக்கும் வேலையை அவனுக்கே கொடு. எழுந்து நடக்க ஒரு சாக்கு. கண் டாக்டர் சொன்னதை எழுது. மாசியில் செங்கோட்டை வருகிறேன், பிரானூர் பரோட்டா உன் செலவு.

உன்,
ஊசிக்காரி