மார்ஃபின் வலிக்கான மருந்து

சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கும் இதழின் ஆசிரியர் குழுவுக்கும்,

வணக்கம். இந்த ஆண்டு நீங்கள் முதல் பரிசு கொடுத்த கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புற்றுநோயில் கிடக்கும் தாய்க்கு மகள் ஓர் இரவில் மார்ஃபினைக் கூட்டி ஊற்றி 'விடுதலை' தருகிறாள். நடை அழகாக இருந்தது, மறுக்கவில்லை.

என் அம்மா நிறையக் கதை படிப்பவர். புற்று எலும்புக்குப் பரவியதும் மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். அம்மா வாயையே திறக்கவில்லை. "இது ஆளை முடிக்கிற மருந்துதானே? என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டியா?" என்றார். மூன்று இரவுகள் அப்படியே போயின. புரட்டிப் படுக்க வைக்கத் தொட்டாலே அலறுவார். புரட்டாமல் விட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே அவரை அலற வைத்தேன். நான்காம் நாள் ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். சிறிய அளவில் தொடங்கி வலிக்குத் தக்கபடி கூட்டுவார்கள், அப்படிக் கொடுத்தால் உயிரைப் பறிக்காது என்று புரியவைத்தார். அன்றிரவு அம்மா தூங்கினார். அப்புறம் ஏழு வாரம் இருந்தார். பேசினார், என்னைக் கதை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது எந்த மருத்துவரும் இல்லை. கதைகள்தான்.

கருணைக்கொலையைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பரிசுக் கதையில் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கூட யாரும் கேட்கவில்லையே? அது எப்படி உங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை? 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' கதையில் கெராசிம் என்ற வேலையாள் வருவான். வலி குறையட்டும் என்று நோயாளியின் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருப்பான். அவரிடம் பொய் சொல்லாத ஆள் அவன் ஒருவன்தான். இன்றைய கதைகளிலோ பராமரிப்பவர் தியாகியாக இருக்கிறார், இல்லையென்றால் கொலையாளி. விழுங்க முடியாதவர் வாயில் கண்ணீரோடு தண்ணீர் ஊற்றுவதைப் பாசம் என்று எழுதுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போய் மூச்சடைக்கும். இப்படி எழுதுகிறவர்களுக்கு, உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை போலும்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். மரணப் படுக்கையை எழுதும் கதைக்குப் பரிசு கொடுக்கும் முன், நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் வேலை செய்யும் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். மார்ஃபின் வலிக்கான மருந்து என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். தயவுசெய்து போடுங்கள். அந்த மருந்துக் குப்பியைப் பார்த்துப் பயந்து படுத்திருக்கும் யாரோ ஒருவருக்கு அதை வீட்டில் படித்துக் காட்டுவார்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி